அரை நாள் தஞ்சாவூர்

கருத்தரங்க அழைப்பிதழ் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். தொடக்க விழா, சிறப்புரை, அமர்வுகள், நிறைவு விழா எல்லாவற்றுக்கும் நடுவில் எங்காவது ஒரு வரி ஒதுங்கி நிற்கும்: 'பிற்பகல் 2.30 – உள்ளூர்ச் சுற்றுலா.' வேறு ஊராக இருந்தால் அந்த வரியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சாவூராக இருந்தால் மனம் பொறுப்பதில்லை.

அந்த வரி நடைமுறையில் என்ன ஆகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சாப்பாடு முடிய மணி மூன்றாகிவிடும். ஊருக்கு வெளியே திருச்சி சாலைப் பக்கமிருந்து வேன்கள் புறப்படும். பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் முற்றத்துக் கல் காலைச் சுடும். மாசி மாதத்தில்கூடச் சுடும். விரித்திருக்கும் பாயை விட்டு இறங்க முடியாது. கல்வெட்டுகள் இருப்பதோ பாய் போகாத பக்கங்களில். நந்திக்கு முன்னால் நின்று எல்லாரும் சேர்ந்து ஒரு படம். பிறகு அரண்மனை, அங்கே கலைக்கூடமும் சரசுவதி மகால் நூலகமும் மூடும் நேரத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு கடை. ஆறு மணிக்கு நிறைவு விழா. ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு கலைத்தட்டு. இரவு ரயில்.

வேனில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஒருவர் சோழர் காலக் கோயில் பணியாளர்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். அடுத்தவர் மராத்தியர் காலத்து நாட்டிய நாடகங்களில் ஊறியவர். பின்னிருக்கையில் இருக்கும் இளம்பெண் செப்புத் திருமேனிகளின் உலோகக் கலவை பற்றிக் காலையில்தான் கட்டுரை வாசித்திருப்பார். அவர்கள் வாழ்நாளெல்லாம் படித்தது இந்த ஊரில் இருக்கிறது, கல்லிலும் ஓலையிலும் பட்டறையிலுமாக. அவர்களை வரவழைத்தவர்கள் மூன்று நாள் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துவிட்டு, ஊரை இரண்டரை மணி நேரத்தில் காட்டி அனுப்புகிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருகிறார், அமர்வு நீள்கிறது, நீண்டதை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும், சுற்றுலாவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மாநாடு என்பது வேலை, ஊர் பார்ப்பது பொழுதுபோக்கு என்ற நினைப்பு நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. தஞ்சாவூரைப் பொறுத்தவரை அந்த நினைப்பு தவறு. அரை நாள்தான் கொடுக்க முடியும் என்றால் அரை நாளே கொடுங்கள். ஆனால் அது காலைப் பொழுதாக இருக்க வேண்டும், கால்நடையாக இருக்க வேண்டும், பர்சைத் திறக்கும் இடம் செய்பவர் வீட்டு வாசலாக இருக்க வேண்டும்.

*

விடிந்தும் விடியாத நேரத்தில் கேரளாந்தகன் வாயிலைத் தாண்டினால் கல் குளிர்ந்திருக்கும். அடுத்தது இராசராசன் வாயில். அதற்கப்பால் விமானம், 200 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. சுற்றிலும் வயல் சூழ்ந்த சமவெளி. கருங்கல் மலை பக்கத்தில் எங்கும் கிடையாது. அத்தனை கல்லும் தொலைவிலிருந்து வந்து சேர்ந்தது. இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்திய செப்புக் குடத்தைக் கொடுத்தான் என்று நாள் குறித்தே கல்வெட்டு சொல்கிறது. கட்டிய பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது: குஞ்சரமல்லன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கட்டடம் ஒன்றுக்குக் கட்டுவித்தவன், கட்டியவன், முடித்த நாள் மூன்றும் தெரிந்திருப்பது எவ்வளவு அரிது என்பதை அந்த இடத்தில் நின்றுதான் உணர முடிகிறது.

வழிகாட்டிகள் வேறு கதை சொல்வார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல். நிழல் விழுகிறது, காலையிலும் மாலையிலும் யார் வேண்டுமானாலும் அதன்மேல் நடந்து பார்க்கலாம். உச்சியில் இருப்பது பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்ந்தவர்கள் எழுதிவிட்டார்கள். குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றவர்கள் இந்தக் கோயிலுக்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்து நூல்கள் தந்த பிறகும் பழைய கதை ஓயவில்லை. வழிகாட்டிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு கூட்டத்தை வாய்பிளக்க வைக்க வேண்டும் என்றால் கதைதான் கைகொடுக்கும். உண்மையைச் சொல்லப் பொழுது வேண்டும். அந்தப் பொழுதைக் கொடுக்காதவர்கள் நாம்.

அந்த உண்மை சுவரில் எழுதியிருக்கிறது. தான் கொடுத்தது, தமக்கை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டிவைக்கச் சொன்னான் அரசன். நகையில் முத்து எத்தனை என்பதுவரை கணக்கு இருக்கிறது. எனக்கு நெருக்கமானது வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்தில் உள்ள நீண்ட கல்வெட்டு. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 ஆடல்பெண்களை வரவழைத்து, கோயிலை ஒட்டித் தளிச்சேரி அமைத்துக் குடியமர்த்திய செய்தி அது. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, ஒவ்வொன்றிலும் தென்சிறகு, வடசிறகு, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண்ணின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்ற குறிப்பு, அவளுக்கு உரிய பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களோடு நட்டுவர், பாடுவோர், உவச்சர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் எல்லாரும் வருகிறார்கள். ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரை அவர் தேடி அமர்த்த வேண்டும்.

ஒரு முறை, தளிச்சேரிப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதிய ஆய்வாளர் ஒருவரை அந்தச் சுவருக்கு அழைத்துப்போனேன். அச்சில் வந்த தொகுதியை வைத்தே அவர் பணி செய்திருந்தார். எழுத்து வரியில் விரலை ஓடவிட்டு ஒரு பெயரைக் கண்டுபிடித்தார். பிறகு திரும்பி நின்று, "வீடுகள் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகள் அச்சுப் பக்கத்தோடு இருந்தவருக்கு அந்தக் கேள்வி அங்கே நின்றபோதுதான் வந்தது. அன்று பிற்பகல் அவர் வாசித்த கட்டுரை கையில் எழுதிக்கொண்டுவந்ததிலிருந்து விலகிப் போயிற்று. அமர்வுத் தலைவர் நேரம் முடிந்தது என்று சீட்டு அனுப்பினார். நான் கேட்ட அமர்வுகளில் நல்ல அமர்வு அது.

இந்தச் சுவரைப் படிக்கத் தொடங்கியே நெடுங்காலம் ஆகிவிடவில்லை. கரிகாலன் கட்டினான் என்றும் வேறு யாரோ கட்டினார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்த ஊருக்கு, கல்வெட்டுகளைப் படித்த ஹுல்ட்ஷ்தான் 1886இல் இராசராசனை மீட்டுக் கொடுத்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த உள்நடைக்குப் பொதுமக்கள் போக முடியாது; போகக் கூடாது என்பதும் சரிதான், மூச்சுக்காற்றே அந்த வண்ணத்துக்குப் பகை. அதே கோயில் சுவரில் 1803இல் இரண்டாம் சரபோசி மராத்திய மொழியில் தன் போன்சலே குலத்தின் வரலாற்றை வெட்டிவைத்தார். வேறொரு குலத்தின் கோயிலில், வேறொரு மொழியில், தன் கதையை எழுதிவைக்க அவருக்குத் தோன்றியது. சோழன், நாயக்கன், மராத்தியன் என்று மூன்று ஆட்சியும் ஒரே கோயிலில் தெரியும் இடத்தைக் கூட்டுப்படம் எடுப்பதற்கு மட்டும் பயன்படுத்துவது எனக்கு ஆறவில்லை.

*

கோயிலிலிருந்து அரண்மனைக்கு வேன் தேவையில்லை. மேலவீதி வழியாக நடந்தே போய்விடலாம். வழியில் சிவகங்கைப் பூங்கா. அதை ஒட்டி 1779இல் எழுந்த சுவார்ட்ஸ் தேவாலயம். உள்ளே ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய வெள்ளைச் சலவைக்கல் புடைப்புச் சிற்பம் ஒன்று: மரணப் படுக்கையில் பாதிரியார் சுவார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி அவரிடம் வளர்ந்த சரபோசி. சிவன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இதைப் பார்த்த பேராளர்கள் மிகக் குறைவு. மேலவீதியில் பங்காரு காமாட்சி கோயில், சியாமா சாஸ்திரி வழிபட்ட அம்மன். அதே வீதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் வாழ்ந்த வீடு. இன்று மேடையில் பார்க்கும் பரதத்தின் அலாரிப்பு முதல் தில்லானா வரையான வரிசை அவர்கள் வகுத்துத் தந்தது.

அரண்மனைக்குள் கலைக்கூடம். 1951இல் மாவட்ட ஆட்சியராக இருந்த டி. கே. பழனியப்பன் முயற்சியால் உருவானது. கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளுக்கும் மண்ணுக்கடியில் கிடைத்த திருமேனிகளுக்கும் ஒரு வீடு. இங்கே ஒரே ஒரு சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள் என்று நான் சொல்வதுண்டு. திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவர், 1011ஐச் சேர்ந்தவர். பெரிய கோயில் முடிந்த மறு ஆண்டு. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மடித்து, கையை விடையின்மேல் சாய்த்து நிற்கிறார். விடை காணாமல் போய்விட்டது. கை மட்டும் அப்படியே தளர்ந்து சாய்ந்திருக்கிறது. எதிரே ஒரு பெஞ்சைப் போட்டு அரைமணி நேரம் உட்கார அனுமதித்தால் அந்த அரைமணி போதும்.

சரசுவதி மகால் அடுத்த வாசல். நாயக்கர் காலத்தில் தொடங்கிய ஏட்டுச் சேகரத்தைப் பெரிதாக்கியவர் சரபோசி. 1820களின் தொடக்கத்தில் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போன அவர் வழியெல்லாம் சுவடிகளையும் நூல்களையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். ஐரோப்பாவிலிருந்து மருத்துவமும் வேதியியலும் உடற்கூறும் பற்றிய நூல்களைத் தருவித்தார். ஊர் பார்க்கப் போனவர் எதை வாங்கி வர வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு இவர்தான். 1918இல் நூலகம் பொதுமக்களுக்கானது. 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. மோடி எழுத்தில் எழுதிய அரண்மனைக் கணக்குக் கட்டுகள் வேறு. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது முன்கூடத்து அருங்காட்சியகம் மட்டும். சீனத் தண்டனைகளைக் காட்டும் படங்கள், மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிடும் லெப்ரன் வரைபடங்கள் முன்னால்தான் கூட்டம் நிற்கும். கருத்தரங்குக்கு வருகிறவர்கள் உள்ளே போய் ஒரு சுவடியையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா? முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, இன்னின்ன துறையினர் வருகிறார்கள் என்று சொல்லி ஏற்பாடு செய்வது மாநாட்டுக்காரர்கள் செய்யக்கூடிய வேலைதான். பெரும்பாலும் அந்தக் கடிதம் எழுதப்படுவதில்லை.

*

விருந்தினரை எப்படி வைத்துக்கொள்வது என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1912இல் ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, 1914 வரை அடுத்தடுத்துப் பல இசை மாநாடுகளை நடத்தினார். அரசர் அல்லர், சமீன்தார் அல்லர். சித்த மருந்து செய்து விற்றுச் சம்பாதித்தவர். அந்தக் காசில்தான் நாடெங்கிலுமிருந்து வித்வான்களையும் அறிஞர்களையும் வரவழைத்தார். அங்கே பாட்டும் உண்டு, வாதமும் உண்டு. சுருதிகள் எத்தனை என்ற கேள்வியை வீணையின் தந்தியில் மீட்டிப் பார்த்தே பேசினார்கள். 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' அந்தக் கூடுகைகளின் விளைச்சல். மாநாட்டுக்கும் ஊருக்கும் நடுவில் அன்று சுவர் இருக்கவில்லை. வீணை செய்கிறவர்களும் வாசிக்கிறவர்களும் கணக்குப் போடுகிறவர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள், ஒரே பேச்சில் கலந்தார்கள்.

1995 சனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு இங்கே நடந்தது. ஊர் அதுவரை காணாத கூட்டம். சாலைகள் அகன்றன, இராசராசன் மணிமண்டபம் எழுந்தது. இன்றும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழுக்காக உழைத்தவர், தமிழுக்கான மாநாட்டுக்கு வந்தவர். அந்தக் குறை தஞ்சாவூர்க்காரனாக எனக்கு இன்றும் உறுத்துகிறது.

*

இனி கடைவீதி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாநாடுகள் இந்த ஊர்க் கைவினைக்குச் சின்ன வாடிக்கையாளர்கள் அல்லர். பொன்னாடைக்கு அடுத்தபடியாக மேடையில் கைமாறுவது தஞ்சாவூர்க் கலைத்தட்டு. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி முதல்வர் அறைக்குப் போனாலும் கண்ணாடி அலமாரியில் ஒன்றாவது நிற்கும்.

அந்தத் தட்டு ஒருவர் கைவேலை அன்று. பித்தளையில் அடித்தட்டைச் செய்பவர் ஒருவர். வெள்ளித் தகட்டையும் செம்புத் தகட்டையும் அச்சில் வைத்துத் தட்டி உருவம் எழுப்புகிறவர் இன்னொருவர். எழும்பிய உருவத்தின் பின்பக்கக் குழியில் அரக்கு நிரப்பி, தட்டின்மேல் பதித்து, விளிம்பை அடித்து இறுக்குவது தனி வேலை. நல்ல தட்டில் விரலை ஓட்டினால் தேவியின் மூக்கு நுனி தட்டுப்படும். கருத்தரங்குக்காக 'இத்தனை உருப்படி, ஆளுக்கு இவ்வளவு ரூபாய்க்குள்' என்று விலைப்புள்ளி கேட்கும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளி போய் வெள்ளிப் பூச்சு வரும். தகடு மெலியும். உருவம் தட்டையாகும். நடுவில் அம்மன் இருந்த இடத்தில் நிறுவனத்தின் சின்னம் வரும். விருந்தினரும் அதை விரும்பிக் கேட்டதில்லை. பெட்டியைப் பிரிக்காமலே யாருக்காவது கொடுத்துவிடுவார். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் செய்தவருக்கும் நிறைவு தராத ஒரு பரிமாற்றம் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. கலையை வாழ வைக்கிறோம் என்ற நம்பிக்கையில் அதன் தரத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்மையாக நிற்கும் நெட்டிப் பெரிய கோயிலையும் நினைவுப் பரிசாகப் பார்த்திருப்பீர்கள். குளத்திலும் ஏரியிலும் வளரும் தண்டு நெட்டி. தோலைச் சீவினால் உள்ளே தந்தம்போல வெள்ளைச் சோறு. இந்தப் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுவது நெட்டி மாலை. அதே தண்டைக் கத்தியால் இழை இழையாகச் சீவி விமானத்தின் ஒவ்வொரு நிலையையும் எழுப்புகிறார்கள். 2020இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததைவிட நெட்டி வளர ஏரியில் தண்ணீர் இருப்பது முக்கியம் என்று ஒரு கலைஞர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரி.

தலையாட்டி பொம்மையைப் பற்றிச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. அடி கனத்த மண், மேல் பாகம் லேசு; எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் ராசா ராணி. தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகத் தொங்கி ஆடும் நாட்டியப் பெண். குழந்தைக்கு வாங்கிக்கொண்டு போக இதைவிட நல்ல பொருள் இந்த ஊரில் இல்லை. விலையும் எல்லாருக்கும் எட்டும்.

ஓவியம் வாங்க நினைப்பவர் அவசரப்படக் கூடாது. முன்பு பலாப் பலகைமேல் துணி ஒட்டி வரைந்ததால் இதற்குப் 'பலகைப் படம்' என்றே பெயர். இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கால் நகையையும் தூணையும் புடைக்க வைத்து, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டி, அதன் பிறகுதான் வண்ணம். ரேக் தங்கமா, பளபளக்கும் வெறும் தாளா என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்கலாம். நல்லவர்கள் நேராகச் சொல்வார்கள். முகத்தைப் பாருங்கள். தங்கம் எவ்வளவு ஒட்டியிருந்தாலும் கண் திறந்தது சரியில்லையென்றால் அந்தப் படம் வேண்டாம்.

வீணை செய்யும் வீடுகளுக்குப் போகாமல் யாரும் இந்த ஊரைவிட்டுப் போகக் கூடாது. அங்கே வாங்குவதற்கு ஒன்றுமில்லை. வீணையை யார் ரயிலில் தூக்கிப்போவார்கள்? பார்ப்பதற்கு இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் வாசலில் அடுக்கியிருக்கும். குடம் குடைகிறவர், தண்டி இழைக்கிறவர், யாளி முகம் செதுக்குகிறவர் என்று திண்ணையில் ஆளுக்கொரு வேலை. குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. முழுவதையும் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாந்த வீணை, அதற்கு மதிப்பே வேறு. எல்லாம் முடிந்த பிறகு மெழுகின்மேல் 24 மெட்டுகளைப் பதிப்பது, மேளம் கட்டுவது. அது காதால் செய்யும் வேலை. உளியை எடுக்காத ஒருவர் ஓரமாக உட்கார்ந்து தந்தியை மீட்டி, மெட்டை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டுவார்.

ஒரு காலையில் இசையியல் பேராசிரியர் ஒருவரை அங்கே கூட்டிப்போயிருந்தேன். "வாங்கய்யா, உக்காருங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டார் பெரியவர். பேராசிரியர் சுருதிக் கணக்கைப் பற்றி ஏதோ கேட்டார். பெரியவர் யோசித்துவிட்டு, "கணக்கு எனக்குத் தெரியாதுங்க. இதைக் கேளுங்க" என்று மெழுகை விரலால் அழுத்திக்கொண்டே இரண்டு மெட்டுக்கு நடுவில் மீட்டிக் காட்டினார். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, வெகுநேரம் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் வீட்டிலிருந்து பல்கலைக்கழக வளாகம் சில கிலோமீட்டர்தான். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தபோது விழா எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எந்த இசைக் கருத்தரங்கிலும் ஒரு அமர்வில் வந்து பேசும்படி தன்னை இதுவரை யாரும் அழைத்ததில்லை என்று அவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

பேரம் பற்றியும் சொல்ல வேண்டும். அறிஞர்களும் பேரம் பேசுகிறார்கள். காலையில் கைவினைஞர் நலிவைப் பற்றிப் பேசியவர் மாலையில் பொம்மைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பதைப் பார்த்து மனம் கசந்திருக்கிறேன். செய்தவரிடமே வாங்குங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள். இடைத்தரகர் வேண்டாம் என்றால், நிலையான விலை வேண்டும் என்றால், காந்திஜி சாலையில் அரசின் பூம்புகார் விற்பனையகம் இருக்கிறது.

சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. நல்ல காப்பி எங்கும் கிடைக்கும். சந்திரகலா என்ற இனிப்பை இங்கே சாப்பிட்டுவிட்டு வேறு ஊரில் சாப்பிட முடியாது. திருவையாறு பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர்தான். அசோகா அல்வாவுக்காகவாவது போகலாம், காவிரியில் தண்ணீர் ஓடினால் படித்துறையில் உட்காரலாம். திரும்பும்போது தஞ்சாவூர்க் கதம்பம் ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். மரிக்கொழுந்து வாசம் ரயில் பெட்டி வரை கூட வரும். மாலையில் மறுபடியும் பெரிய கோயிலுக்குப் போய்ப் புல்தரையில் சும்மா உட்காருங்கள். ஊர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கு அது உலகப் பாரம்பரியச் சின்னம் அன்று. வெயில் தணிந்தால் காற்று வாங்க வரும் இடம்.

*

இந்த ஊரில் அடுத்த கருத்தரங்கை நடத்தவிருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நினைவுப் பரிசு வாங்குவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்தி, ஒரு நாள் காலை ஆறு மணிக்கு விருந்தினர்களைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போங்கள். அன்றைய அமர்வுகளைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். வீணைக்காரர் வீடும் தட்டுக்காரர் பட்டறையும் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள், விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதை வாங்கிக்கொள்ளட்டும். செய்கிறவர்களில் ஒருவரையாவது மேடைக்கு அழைத்து, தன் கருவியோடு வந்து பேசச் சொல்லுங்கள். கட்டுரை வாசிப்பவருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள்.